ஆஞ்சலாவும் பச்சை டைனோசரும்

என் மனைவி ஆஞ்சலா சனிக்கிழமைதோறும் இருபத்தாறு ஜோடி சாக்ஸ் துவைத்துக் காயப்போடுவாள். அவற்றில் அவளுடையது ஒரே ஒரு ஜோடி. விவேக் நகரில் எங்கள் மொட்டை மாடியைப் பார்த்துவிட்டு, புதிதாகக் குடிவந்த ஒருவர், இங்கே ஹாஸ்டல் நடக்கிறதா என்று என்னிடமே கேட்டார். இருந்த சலிப்பில் நானும் ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

எல்லாம் பவுலிங்குக்காக. கிரிக்கெட் இல்லை, மாலில் கனமான பந்தை உருட்டிவிட்டு, எதிரே நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கிற ஆட்டம். அங்கே ஷூ வாடகைக்குத் தருவார்கள், ஆனால் காலில் சாக்ஸ் இல்லாவிட்டால் தரமாட்டார்கள். எங்கள் ஆட்களோ சர்ச்சில் காலைப் பூசை முடிந்து செருப்போடு அப்படியே ஆட்டோ ஏறி வருகிறவர்கள். சாக்ஸ் இல்லாத காரணத்தால் ஒருவரும் ஆடாமல் உட்காரக் கூடாது என்பது ஆஞ்சலாவின் சட்டம்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளில், மகன் டேரில் எங்களை கோரமங்களா பக்கம் ஒரு மாலுக்கு அழைத்துப் போனான். அங்கேதான் அவள் முதல்முறை அந்தப் பந்தைத் தூக்கினாள். முதல் பந்து ஓரத்துக் குழியில் விழுந்தது. இரண்டாவது பத்துப் பின்களையும் சாய்த்தது. அதைச் செய்தது யார் என்று அவள் திரும்பிப் பார்த்தாள், பாருங்கள், அந்த முகத்தை நான் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு போனோம். பிறகு சர்ச்சில் எங்கள் அன்பியக் குழுவின் குடும்பங்கள் சேர்ந்தன. பிறகு கோயில் பக்கமே போகாத தெருக்காரர்களும் வந்தார்கள். ஒன்பது வருடமாக ஞாயிறு பத்தரைக்கு, பந்து ஓடும் பாதைகளில் நான்கு லேன் எங்களுடையது. நான் மட்டும் ஆடுவதில்லை. பை தூக்குவேன், குறை சொல்வேன்.

ராஜேந்திரன் வந்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்த பிறகு ஊன்றுகோலோடு வீட்டிலேயே முடங்கிவிட்டார். ஆஞ்சலா அவரை விடவில்லை. கையால் பந்து வீச முடியாதவர்களுக்காக அங்கே ஒரு சறுக்கு இருக்கிறது. அதன் மேல் பந்தை வைத்துத் தள்ளினால் உருண்டு போகும். குழந்தைகளுக்காகச் செய்தது என்பதால் பச்சை டைனோசர் வடிவம், பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்ததும் ராஜேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஞ்சலா நேராகப் போய் ஸ்கோர் மிஷினில் அவர் பெயரை முதலில் அடித்துவிட்டாள். மேலே திரையில் யார் பெயர் மின்னுகிறதோ அவர் ஆடினால்தான் ஆட்டம் நகரும். பெயர் மின்னிக்கொண்டே இருந்தது.

"அக்கா, யாராச்சும் எனக்குப் பதிலா போட்டுருங்க."

"அது உங்க பேரு. மிஷினுக்குப் பொறுமை ஜாஸ்தி, ராஜேந்திரன். எனக்கும்தான்."

ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தார். பிறகு எழுந்து போய் இடது கையால் தள்ளினார். எட்டு விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

இப்படி ஊரையே எழுப்பி உட்கார வைத்தவள், பிப்ரவரியில் தானே உட்கார்ந்துவிட்டாள். அதற்குக் காரணம் நான்.

கேஸ் சிலிண்டரைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். "ஏங்க, ஒரு கை குடுங்க" என்று கூப்பிட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "தோ வரேன்" என்றேன். என்னுடைய "தோ" எவ்வளவு நீளம் என்று முப்பத்து நான்கு வருடமாக அவளுக்குத் தெரியும். தானே தூக்கினாள். வலது தோளில் தசைநார் கிழிந்தது. சமைக்கலாம், துவைக்கலாம், ஆனால் அந்தக் கையால் இனிமேல் கனம் வீசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. சாக்ஸ் பையை என் கையில் கொடுத்து, "நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் வரல" என்றாள். அவ்வளவுதான்.

ஒரே ஒருமுறை நான் வாயைத் திறந்தேன். "டைனோசர் இருக்குதே, ஆஞ்சலா."

"அது குழந்தைங்களுக்கு. முடியாதவங்களுக்கு."

"ராஜேந்திரன்கிட்ட நீ அப்படிச் சொல்லலையே."

அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. மறுநாளும் இல்லை.

ஆறு ஞாயிறு அப்படியே போயிற்று. நான் பையோடு போவேன், அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். ஆளும் குறைய ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போன் செய்ய அவள் இல்லையே. நான்கு லேன் இரண்டாயிற்று. ஒன்பது வருடம் குறை சொன்ன எனக்கு, அவளுடைய அந்தச் சத்தமில்லாத ஞாயிறைத் தாங்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் அவள் எதற்குமே எழுந்திருக்க மாட்டாளோ என்று பயந்தேன்.

ஏழாவது சனிக்கிழமை ராஜேந்திரன் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அக்கா, நாளைக்கு நீங்களே பையக் கொண்டாங்க. போன வாரம் அண்ணன் எனக்கு ஈர சாக்ஸ் குடுத்துட்டாரு. அதுவும் ஒண்ணு கறுப்பு, ஒண்ணு மஞ்சள்."

ஆஞ்சலா என்னைப் பார்த்த பார்வையில் நான் கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இருக்கிறதா என்று தேடிப் போனேன்.

"சாக்ஸ் குடுத்துட்டு உடனே கெளம்பிடுவேன்" என்று மறுநாள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஜோடி ஜோடியாக எல்லோருக்கும் கொடுத்தாள். கொடுத்து முடித்துக் கைப்பையை எடுத்தபோது டேரில் மேலே காட்டினான். எங்கள் லேனின் திரையில் முதல் பெயராக ஆஞ்சலா என்று மின்னிக்கொண்டிருந்தது.

"யார் வேல இது?" என்றாள்.

ராஜேந்திரன் ஊன்றுகோலின் மேல் தாடையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். எங்கள் மருமகள் நிருபமா, "நான் போட்டுரட்டுமா ஆன்ட்டி?" என்று எழுந்தாள். ராஜேந்திரன் ஊன்றுகோலைக் குறுக்கே நீட்டினார்.

"உக்காரும்மா. அது அக்கா பேரு." பிறகு ஆஞ்சலாவிடம், "மிஷினுக்குப் பொறுமை ஜாஸ்திக்கா" என்றார்.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். பக்கத்து லேனில் இருந்த எங்கள் ஆட்கள் விஷயம் புரிந்து, பந்தைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். பெயர் மின்னியது, அணைந்தது, மின்னியது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அவள் கண் கலங்குவது எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கலாமா என்று யோசித்து, பயந்து, எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டாவது நிமிடம் அவள், "என் ஷூ கூட இல்ல" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

நான் என் பையில் டிபன் டப்பாவுக்கு அடியிலிருந்து, அவள் சொந்தமாக வாங்கி வைத்திருந்த சிவப்பு ஷூவை எடுத்து வைத்தேன். ஏழு வாரமாகத் தினம் அதைத் துடைத்து வைத்திருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பையில் போட்டு எடுத்து வந்தேன், திருப்பி எடுத்துப் போனேன். அவள் ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போட்டுக்கொண்டாள். டைனோசரிடம் போய் நின்றாள். அதை நகர்த்த இடது கை ஒன்று போதவில்லை.

"ஏங்க, ஒரு கை..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை, நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது வருடத்தில் ஆடுகிறவர்கள் நிற்கும் இடத்தில் நான் கால் வைத்தது அன்றுதான், அதுவும் வெறும் சாக்ஸோடு.

"இன்னிக்கு மட்டும் தோ இல்லையா?" என்றாள் மெதுவாக.

"இனிமே இல்ல" என்றேன்.

"சரி, தலைய கொஞ்சம் லெஃப்ட்ல திருப்புங்க. டைனோசர் தலைய. இன்னும். போதும், கைய எடுங்க."

பந்தை அதன் முதுகில் வைத்து இடது கையால் தள்ளினாள். சறுக்கிலிருந்து இறங்கும் பந்து என்றைக்குமே மெதுவாகத்தான் போகும். இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அன்றைக்கு அது இன்னும் மெதுவாகப் போனது. ஆறு பின் விழுந்தது. இரண்டாவது பந்தில் மூன்று. ஒன்று ஆடியது, ஆடியது, நின்றுவிட்டது.

அந்த ஒற்றைப் பின்னை அவள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். யாரும் கைதட்டவில்லை. தட்டினால் அழுதுவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலே பார்த்தாள். திரையில் அடுத்த பெயர் மின்னிக்கொண்டிருந்தது.

"ராஜேந்திரன், உங்க பேருதான்" என்றாள். "எவ்ளோ நேரம் எல்லாரையும் காக்க வெப்பீங்க?"