ஆறு வருஷம் ஒரு மாசம்

அலுவலகத்தில் அவருக்குத் தசமம் என்று பெயர். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் நானூற்றுப் பத்துப் பேருக்குச் சம்பளப் பட்டியல் போடுகிறவர். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் இல்லாத தொகையைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆதாரம் இல்லாமல் ஒரு எண்ணை எழுதும்படி முதலாளியே வந்து சொன்னாலும் பேனாவைத் திறக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் பன்னிரண்டு நாட்களாக ஒரே ஒரு விஷயத்துக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விடுமோ என்பதுதான் அது.

மொட்டைமாடியில் எட்டு சோலார் பேனல் பளபளவென்று மல்லாந்து கிடக்கும் வீட்டில் இப்படியும் ஒரு பயமா என்று கேட்கலாம். அந்தப் பேனல்களால் வந்த பயம்தான் அது. மாட்டி முடித்த நாளன்று, எலெக்ட்ரீஷியன் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டே போகிற போக்கில் சொன்னான்.

"சார், ஒரு விஷயம். லைன்ல கரண்ட் போச்சுன்னா இதுவும் நின்னுடும். தெரியும்ல?"

"ராத்திரி தானே?"

"பகல்லயும்தான். வெயில் மண்டையப் பொளந்தாலும் நின்னுடும். உங்க வீட்டுக் கரண்ட் வெளியே லைன்ல ஏறிடுச்சுன்னா கம்பத்து மேல வேலை செய்றவன் கருகிப் போவான். அதனால தானா அணைஞ்சுக்கும். பேட்டரி போட்டிருந்தா வீட்டுக்குள்ள மட்டும் ஓடும். நீங்கதான் விலைப்பட்டியல்ல பேட்டரி வரியை அடிச்சுட்டீங்களே."

அடித்தது தசமம்தான். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து, நேர்கோடாக அடித்திருந்தார்.

பயத்துக்குக் காரணம் முன்னறையில் உட்கார்ந்திருந்தது. அது அவருடைய அக்கா. முப்பத்தொரு வருஷம் மாவு மில்லில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்தவள். தம்பியைப் படிக்க வைத்தது அந்த மாவுதான்; அவளுடைய நுரையீரலை அடைத்ததும் அதே மாவுதான். இப்போது கட்டில் பக்கத்தில் சின்ன பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின் கர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, ஒரு குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்பும். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும். கரண்ட் பில்லும் அதற்கு ஈடுகொடுத்து ஏறியது.

சோலார் போட, மில்லிலிருந்து வந்த மொத்தப் பணத்தையும் அக்கா தம்பி கையில்தான் கொடுத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கரண்ட் நின்னாலும் எனக்கு இது நிக்கக் கூடாதுடா. மத்தபடி நீ என்ன செஞ்சாலும் சரி."

"சூரியன் இருக்கற வரைக்கும் உனக்குக் கவலையே இல்லக்கா" என்று இவரும் பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டார். அக்கா அதை அப்படியே நம்பினாள். காலையில் வெயில் ஜன்னல் வழியாக விழும்போதெல்லாம், தனக்கென்று வந்து நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல் சிரித்துக்கொண்டாள்.

இனி அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோலார் கடைக்காரன் கொடுத்த விலைப்பட்டியலைத் தசமம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுவலகத்தில் சம்பளத்துக்கு வைத்திருக்கிற அதே படிவத்தில் ஏற்றினார். கையில் இருந்த செருப்புக்குக் காலை வெட்டுகிற ஆள் அவர். போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்பதுதான் கேள்வி. அந்தப் படிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் 'ஆரம்பத் தேதி', 'முடிவுத் தேதி' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாள், ஓய்வு பெறும் நாள். இரண்டையும் நிரப்பாவிட்டால் கூட்டுத்தொகை வராது. 'அக்கா மெஷின்' என்று ஒரு வரி எழுதியதும் படிவம் முடிவுத் தேதியைக் கேட்டது.

டாக்டர் எந்தத் தேதியும் சொல்லியிருக்கவில்லை. "மெஷின் நிக்காம பாத்துக்குங்க, அவ்வளவுதான்" என்று மட்டும் சொல்லியிருந்தார். தசமம் சும்மா ஐந்து வருஷம் என்று போட்டார். ஐந்து வருஷம் ஓடினால், ராத்திரி கரண்ட் போகும் நேரத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் நிரப்புவதைவிட பேட்டரி வாங்குவது லாபம். ஆனால் பேட்டரியைச் சேர்த்தால் போட்ட பணம் திரும்ப ஒன்பது வருஷம் ஆகும் என்றது படிவம். அவருக்கு அது பிடிக்கவில்லை. நாலு என்று மாற்றினார். மூன்று என்றார். இரண்டு என்று போட்டதும் எல்லாம் சரியாக உட்கார்ந்தது: இரண்டு வருஷத்துக்கு பேட்டரி தண்டம், ராத்திரிக்குச் சிலிண்டர் போதும், பகலுக்கு சூரியன். அதற்கப்புறம் மெஷினுக்குப் போகாத கரண்ட் மிச்சமாகும், மின் அலுவலகம் அதை வாங்கிக்கொள்ளும், அது வரவு. ஆறு வருஷம் ஒரு மாசத்தில் முதல் முழுக்கத் திரும்பிவிடும். ஆஹா என்று அடிக்கோடு போட்டார்.

எதைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தோம் என்பது அடிக்கோடு காய்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தாளை மடித்து, ஃபைலுக்குள் கடைசியில் செருகினார். கிழிக்கவில்லை. கணக்குத் தாளைக் கிழித்து அவருக்குப் பழக்கமில்லை.

எலெக்ட்ரீஷியன் சொல்லிப்போன பிறகு, இந்தப் பன்னிரண்டு நாளில் பேட்டரி வாங்கியிருக்கலாமே என்றால், வாங்கியிருக்கலாம்தான். ஆனால் வாங்க வேண்டுமென்றால் அக்காவிடம் மறுபடி பணம் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்பாள். ஏன் என்றால் அந்தத் தாள். வாயைத் திறக்கப் பயந்துகொண்டே ஒவ்வொரு நாளாகத் தள்ளினார். மனைவி வேறு மகளின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாதமாக ஊரில் இல்லை. வீட்டில் இவரும் அக்காவும் அந்தக் கர்ர் சத்தமும்தான்.

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அந்தச் சத்தம் நின்றது.

முதலில் அமைதி. பிறகு மெஷின் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. சமையலறையில் நின்ற தசமத்தின் கையிலிருந்து டம்ளர் நழுவியது.

"கரண்ட் போயிடுச்சுடா" என்றாள் அக்கா, மழை வருகிறது என்று சொல்வதுபோல. "சோலார் வர எவ்வளவு நேரமாகும்?"

வெளியே வெயில் கொளுத்தியது. சுவரில் இருந்த சோலார் பெட்டியில் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது. அவர் அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். தட்டினால் வருகிற சமாச்சாரமா அது?

"வரும்க்கா. நீ பேசாதே. சிலிண்டர் போடறேன்."

"சிலிண்டர் எதுக்கு? வெயில்தான் அடிக்குதே."

அவர் மூலையிலிருந்த சின்ன சிலிண்டரை இழுத்தார். போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தபோது பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. நிரப்பும் செலவு கணக்கில் அடுத்த மாதத்துக்குத்தான் இருந்தது, அதனால் நிரப்பவில்லை. வால்வைத் திறந்ததும் முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே வந்து நின்றது. மிஞ்சிப்போனால் நாற்பது நிமிஷம். குழாயை மாற்றும்போது இரண்டு முறை தவறவிட்டார்.

மின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். எங்கேயோ டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோயிற்றாம், இரண்டு மணி நேரமாவது ஆகுமாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டியெல்லாம் வெளியே போயிருக்கிறது, ஒரு மணி நேரம் ஆகும், முகவரி சொல்லுங்கள் என்றார்கள். சொன்னார். சொந்த வீட்டுக் கதவு எண்ணே அவருக்கு இரண்டாவது முயற்சியில்தான் வாயில் வந்தது.

அப்போதுதான் எலெக்ட்ரீஷியன் ஞாபகம் வந்தது. எங்கிருந்தாவது ஒரு பேட்டரியை அவன் தூக்கிக்கொண்டு வரமாட்டானா? சிலிண்டரின் இணைப்பில் காற்று கசிந்தது. அதை விரலால் அழுத்திப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"அக்கா, மேஜை மேல பச்சை ஃபைல் இருக்கு பாரு. அதுல எலெக்ட்ரீஷியன் நம்பர் எழுதியிருக்கேன். எடுத்துச் சொல்லு, சீக்கிரம்!"

ஃபைல் திறக்கும் சத்தம் கேட்டது. தாள் புரளும் சத்தம் கேட்டது. மடித்த தாள் ஒன்று பிரியும் சத்தமும் கேட்டது. நம்பரை எங்கே எழுதினோம் என்பது அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. கணக்குத் தாளின் ஓரத்தில்.

விரலை எடுத்தால் காற்று போய்விடும். எடுக்காவிட்டால் அவள் படித்துவிடுவாள்.

அக்கா நம்பரை ஒவ்வோர் எண்ணாக நிதானமாகப் படித்தாள். அவர் ஒற்றைக் கையால் அழுத்தினார். எலெக்ட்ரீஷியன் எடுத்தான், ஊருக்கு வெளியே வேலையில் இருந்தான், பேட்டரியோடு வர ஒன்றேகால் மணி நேரம் என்றான். வா என்றார். போனை வைத்துத் திரும்பினார். தாள் அக்காவின் கையிலேயே இருந்தது. அதை அவள் கண்ணுக்கு அருகில் வைத்து, விரலை வரி வரியாக நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அதைக் குடுக்கா. அது சும்மா பழைய கணக்கு."

அவள் கொடுக்கவில்லை. பேசவும் இல்லை. பேசாதே என்று அவர்தானே சொன்னார்?

அதற்கப்புறம் அந்த அறையில் இருந்த நேரம் எதிரிக்கும் வரக்கூடாது. ஒரு கண் முள்ளின் மேல், ஒரு கண் அவள் விரலின் மேல். இரண்டும் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. விரல் 'அக்கா மெஷின்' வரியில் நின்றது. அங்கிருந்து வலப்பக்கம் போய் முடிவுத் தேதியில் நின்றது. பிறகு ஆறு வரி தள்ளி, 'மிச்ச கரண்ட் விற்பனை – வரவு' என்ற இடத்துக்குப் போய் அதன் ஆரம்பத் தேதியைத் தொட்டது. மறுபடி மேலே வந்தது. மில்லில் முப்பத்தொரு வருஷம் பொட்டலத்தோடு எடைச்சீட்டையும் சரிபார்த்தவளுக்கு இரண்டு தேதியைச் சேர்த்துப் பார்க்கத் தெரியாதா?

பதினொன்று ஐம்பதுக்கு முள் படுத்துவிட்டது. அக்காவின் தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நீலம் பாய்ந்தது. அவர் விசிறியால் வீசினார், ஜன்னல்களைத் திறந்தார், அவள் முதுகைத் தாங்கிப் பிடித்தார். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவள் கண் அவரையே பார்த்தது. நோய் வந்த நாளிலிருந்து அந்தக் கண்ணில் அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். பயத்தை மட்டும் அன்றைக்குத்தான் பார்த்தார். இந்த உயிர் போனால் தாளில் போட்ட தேதியைவிட இருபத்து மூன்று மாதம் முன்னால் போகும் என்று அவருடைய பாழாய்ப்போன மூளை அந்த நேரத்திலும் கழித்துப் பார்த்தது. தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

பன்னிரண்டு மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, மின் அலுவலகம் சொன்னதற்கு வெகு முன்பே கரண்ட் வந்து, மெஷின் ஒரு குலுங்கு குலுங்கி, கர்ரென்றது.

குழாயை மாற்றினார். அவள் இழுத்தாள். இன்னும் இழுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. தசமம் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பத்து நிமிஷம் கழித்து அக்கா பேசினாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"டாக்டர் உன்கிட்ட தனியா சொன்னாரா?"

"இல்லக்கா! சத்தியமா இல்ல. அந்தக் கட்டத்துல ஏதாவது போடலைன்னா கூட்டல் வராது. நானாதான் போட்டேன்."

"ஏன் மாசக் கடைசின்னு போட்டிருக்கே?"

"அது... சம்பளக் கணக்கு எப்பவும் மாசக் கடைசியிலதான் முடியும்க்கா."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பொய் சொல்லாதடா. ஆதாரம் இல்லாம நீ ஒரு எண்ணு எழுதுவியா? பத்து வயசுலயே எழுத மாட்டியே. எனக்குத் தெரியாம என்னமோ சொல்லியிருக்காங்க. என்கிட்ட மறைக்கிறே."

உண்மையைச் சொல்லியும் நம்பவைக்க முடியாத இடத்தில் அவர் மாட்டிக்கொண்டார். ஒன்பது வருஷம் என்ற விடை பிடிக்காமல் உன் ஆயுளைக் குறைத்துப் பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார்.

"எலெக்ட்ரீஷியன் பேட்டரியோட வந்துட்டிருக்கான். அதை அப்படியே மாட்டச் சொல்லிடறேன்க்கா. இன்னைக்கே. என் பணத்துலயே."

அவள் தாளை மெதுவாக மடித்தாள். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு பயமா இருக்குடா" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள்: "ஆனா பேட்டரி வேணாம். ரெண்டு வருஷத்துக்கு அது கட்டுப்படி ஆகாது. உன் கணக்கு சரிதான், நான் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்துட்டேன்."

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிடித்த மணிக்கட்டை அவள் விடவில்லை.