மரியானுக்குத் தெரிந்த எபிரேயம்

இரண்டு நாளாக மரியானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிவியைப் போட்டால் ஹைஃபா நகரத்து வானத்தில் நெருப்புக்கோடு பாய்கிறது; அணைத்தால் வீடு காதை அடைக்கிறது. அவன் மனைவி ஜெபசுதா அந்த ஊரில்தான், ரிவ்கா என்ற வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அவளுடைய செல்போன் அணைந்தே கிடந்தது.

மரியானுக்குத் தொழில், சங்கு குளிக்கிற வள்ளத்தில் கயிறு பிடிப்பது. குளிக்கிறவன் லிங்கராஜ். அவன் அடியில் இருக்கிறவரை மரியானுக்கு உலகமே அந்தக் கயிறுதான். மேலேயிருந்து ஒரு இழுப்பு இழுத்தால், 'எப்படி இருக்கே?' கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால், 'நல்லாருக்கேன்.' பதில் வராவிட்டால் யோசிக்காமல் ஆளைத் தூக்கிவிட வேண்டும். அந்நேரம் பார்த்து ஜெபசுதா கூப்பிட்டால், "ஆளு கீழ கெடக்கான், பொறவு பேசுதேன்" என்று பட்டென்று வைத்துவிடுவான். அவளுக்கு அதில் ஏகப்பட்ட மனத்தாங்கல். "கட்டுன பொண்டாட்டிய விட அந்தக் கயிறு ஒசத்தியாப் போச்சு ஒங்களுக்கு" என்பாள்.

சாயங்காலம் பேசும்போதுதான் அவளுடைய பாடம் நடக்கும். அவள் உடன்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. வீட்டுப் பெண், வேதத்தைக் கரைத்துக் குடித்தவள். மரியான் கத்தோலிக்கன்; ஜெபமாலையைத் தாண்டி அதிகம் போனவனில்லை. போன இடத்துப் பாஷையை அவள் வேதத்துப் பெயர்களை உடைத்து உடைத்துப் படித்தாள். படித்ததை இவன் தலையிலும் கட்டினாள்.

"பெத்லகேம்னா என்னங்க? பெத்னா வீடு, லெஹெம்னா ரொட்டி. ரெண்டு வார்த்தை ஒங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு பாருங்க."

"அங்கன வந்து ரொட்டிக்கடையா போடப்போறேன்? எனக்கு எதுக்குளா?"

அவள் விடுகிற ஆளா? "ஷலோம்னா வெறும் சமாதானம் இல்ல. ஒரு கொறையும் இல்லாம முழுசா இருக்கது. சாலொமோன் ராசா பேருலயும் அதான் இருக்கு." மரியான் கொட்டாவியோடு ஊம் கொட்டுவான்.

சண்டை தொடங்கியபிறகு ஒரு வார்த்தை சொன்னாள்: மிக்லாத். "குண்டு விழுகப்ப போய் ஒதுங்குற எடம். கொலைப்பழிக்குத் தப்பி ஓடுறவனுக்கு வேதத்துல அடைக்கலப்பட்டணம் இருக்குல்லா, அதே வார்த்தைதான். சைரன் அடிச்சா கட்டடத்துக்கு அடியில எறங்கிருவோம். நீங்க பயப்படாதிய."

அந்த ஒன்றை மட்டும் மரியான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். டிவி பார்க்கும்போதெல்லாம், 'மிக்லாத்துல இருப்பா' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

இன்று கடலில் அதுவும் உதவவில்லை. பாதிக் குளிப்பில் லிங்கராஜ் தானாகவே மேலே வந்துவிட்டான்.

"ஏலே மரியான், கயிறு நடுங்குதுலே. கீழ எனக்குப் பயமா இருக்கு. கரைக்கு விடு. அந்த வீட்டு போன் நம்பர் இருக்குல்லா, அதுக்குப் போட்டுப் பாரு."

"அந்தம்மாதான எடுக்கும்? அதுக்கு இங்கிலீசும் வராது. என்னத்தப் பேச?"

"ஒனக்குத் தெரிஞ்சதப் பேசு."

கரையேறிய இடத்திலேயே நின்று எண்ணை அழுத்தினான். மணி வெகுநேரம் அடித்தது. பிறகு நடுங்குகிற ஒரு குரல், "அலோ?" என்றது.

மரியான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "ஷலோம். மரியான். ஜெபா... ஜெபா மிக்லாத்?"

"லோ. லோ மிக்லாத்," என்று தொடங்கி அந்த அம்மாள் மடமடவென்று கொட்டினாள். லோ என்றால் இல்லை. அது அவனுக்குத் தெரியும். அடைக்கலத்தில் இல்லை. அப்படியானால் எங்கே? அந்தப் பேச்சு வெள்ளத்தில் 'பெஸேதர், பெஸேதர்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. தனக்குத் தெரிந்த வேதத்துப் பெயர்களை எல்லாம் உடைத்துப் பார்த்தான். எதிலும் அது இல்லை. அப்படியே மணலில் குந்திவிட்டான்.

கயிற்றைக் கண்டபடி இழுத்தால் கீழே இருப்பவனுக்கு ஒன்றும் விளங்காது. ஒரே இழுப்பு, அப்புறம் பொறுத்திருக்க வேண்டும். இருபது வருஷமாக அவன் கை அறிந்த சங்கதி அது.

"ஜெபா ஷலோம்?" என்றான். வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அந்த அம்மாள், பிள்ளைக்குச் சோறூட்டுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "ஜெபா ஷலோம்."

மரியான் வாய்விட்டு அழுதான். லிங்கராஜ் நாகரிகமாக வள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

போன் கை மாறியது. "ஏங்க! பெஸேதர்னா நல்லாருக்கான்னுதான் அர்த்தம். செல்லு படியில விழுந்து செதறிட்டு. இந்த போன்ல இருந்து வெளிநாட்டுக்குப் போகல. தவிச்சுப் போனேன்."

உயிர் வந்ததும் அவனுக்குக் கோபமும் கூடவே வந்தது. "மிக்லாத்துல இல்லன்னு அந்தம்மா சொல்லுது! அடைக்கலப்பட்டணம்னு எங்கிட்ட அளந்தியே, எல்லாம் பொய்யாளா?"

"மொதல்ல ரெண்டு தரம் போனோம். பொறவு அவங்களுக்கு இடுப்பெலும்பு ஒடிஞ்சுட்டு, கட்டில விட்டு எந்திரிக்க முடியாது. நாலு மாடி. சைரன் அடிச்சா லிப்டுல போகப்பிடாது. சொன்னா நீங்க ஒறங்க மாட்டியன்னுதான் சொல்லல. நான் கட்டில் பக்கத்துலயே இருந்துக்கிடுதேன்."

'நீ மட்டுமாவது எறங்கிப் போயேம்ளா.' தொண்டைவரை வந்துவிட்டது. அவன் அதைச் சொல்வதற்குள் அங்கே சைரன் அலறத் தொடங்கியது. போன் வழியாகவே கேட்டது. அந்த அம்மாள், "ஜெபா, ஜெபா" என்று கூப்பிட்டாள்.

"ஏங்க, ஆளு கீழ கெடக்கு. பொறவு பேசுதேன்," என்று ஜெபசுதா வைத்துவிட்டாள்.

மரியான் அணைந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பக் கூப்பிட விரல் போனது, கூப்பிடவில்லை. இத்தனை வருஷமும் தான் பட்டென்று வைத்தபிறகு அவள் இப்படித்தான் நின்றிருப்பாள் என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"என்னலே, நல்லாருக்காளா? என்ன சொல்லுதா?" என்று கேட்டுக்கொண்டே லிங்கராஜ் பக்கத்தில் வந்தான்.

"வேலையில இருக்கா," என்றான் மரியான்.