மருதாற்றுக் கோட்டையின் ஈரப் பெயர்கள்

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் பத்தொன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணியளவில், மருதாற்றுக் கோட்டைச் சுவரில் எழுதியிருந்த யூலிற்றாவின் பெயர் காய்ந்துபோனது. அன்றிலிருந்து ஏழு வருடமும் ஒரு மாதமும் அவள் செத்தவளாக இருந்தாள். பெயர் காய்ந்த நேரத்தில் அவள் நாயாற்றுக் கரையில் குந்தியிருந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலையிடிகூட இருக்கவில்லை.

காட்டுக்குள்ளால் வரும் மருதாறு களப்பில் விழுவதற்கு இரண்டு மைல் முன்னால் ஒரு தரம் வளையும். அந்த வளைவில் ஒல்லாந்தர் யானை கட்டுவதற்குக் கட்டிவிட்டுப் போன கோட்டை நின்றது. கூரை எப்போதோ போய்விட்டது. நாலு சுவரில் மூன்று மிஞ்சியிருந்தன. நடுவில் ஒரு பாலைமரம் வளர்ந்து, கோட்டையே தனக்குப் போட்ட வேலி என்பதுபோல நின்றது. மாரியில் ஆறு வாசற்படிவரை ஏறும். கோடையில் வெறும் மணலாகிவிடும், மருதமர வேர்களுக்கு நடுவில் இரண்டு மடு மட்டும் மிஞ்சும். ஒன்றில் சனம் குளிக்கும், மற்றதில் முதலை கிடக்கும். முதலை ஒருநாளும் மடு மாறியதில்லை. பாலைப்பழக் காலத்தில் முள்ளியவளைப் பக்கமிருந்து சைக்கிளிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் சனம் வந்து கோட்டையைப் பார்த்து, மயில் பார்த்து, பழம் தின்று, உதட்டில் ஒட்டிய பாலைத் தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டு திரும்பும். வந்தவர்கள் மட்டிச் சிப்பியால் சுவரில் பெயர் கீறுவார்கள். கீறிய பெயர் கொஞ்ச நேரத்தில் வேர்க்கும். அது வேர்த்துக்கொண்டேயிருக்கும், எந்தக் கோடையிலும் காயாது. ஆள் செத்தால் காய்ந்துவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் சாவு வீட்டுக்குள் நடந்த காலத்தில் யாரும் சுவரைப் போய்க் கேட்கவில்லை.

கடற்கரைச் சனத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. தன் பெயரைத் தானே எழுதுவது தலைக்கனம் என்று அவர்கள் நினைத்தார்கள். கலியாணம் கட்டிய முதல் ஆனியில் பெண்ணும் மாப்பிள்ளையும் வள்ளத்தில் ஆறு ஏறிப் போவார்கள். மாப்பிள்ளை பெண்ணின் பெயரைக் கீறுவான், பெண் மாப்பிள்ளையின் பெயரைக் கீறுவாள். 1984இல் கிறகோரி ‘யூலிற்றா’ என்று கோணல்மாணலாக எழுதினான். யூலிற்றா ‘கிறகோரி’ என்று கொப்பியில் எழுதுவதுபோல எழுதினாள். அவன் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “என்ர பேர் இவ்வளவு வடிவெண்டு இண்டைக்குத்தான் தெரியும்” என்றான்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி ஒரு கிழமை கழிந்து, விடியப்புறம் மூன்று வள்ளங்களில் கடலுக்குப் போன ஏழு பேர் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒருவன் கிறகோரி. அன்று காலை புதிதாகக் கலியாணம் கட்டிய ஒரு சோடி கோட்டையில் நின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈயத்தட்டில் ஊற்றிய தண்ணீர் வெயிலில் சுருங்குவதுபோல ஏழு பெயர்கள் காய்ந்தன. ஏழும் பெண்களின் பெயர்கள். கடலுக்குப் போன ஏழு ஆண்களின் பெயர்களும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தன. ஊர் கூடிக் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தது. ஆண்கள் எங்கேயோ உயிரோடு இருக்கிறார்கள், இந்தியாவிலோ, ஏதோ ஒரு சிறையிலோ. பெண்கள் ஏழு பேரும் துக்கத்தில் செத்துப்போனார்கள்; உடம்புக்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

நிவாரண மாவுக்கு அட்டை கொடுத்தபோது கிராம அதிகாரி சிவராசா விதானையார் யூலிற்றாவின் பெயரில் கோடு கீறினார். “செத்தவைக்கு மா குடுக்கச் சட்டமில்லை, தங்கச்சி.”

“அப்ப உங்களோட நிண்டு கதைக்கிறது ஆர், விதானையார்?”

“அது எனக்குத் தெரியாது. சுவரைப் போய்க் கேளும். புருசன்ர பேரில வேணுமெண்டால் ஒரு பங்கு போடுறன். அந்தாள் உயிரோடதானே இருக்கிறார்.”

அப்படித்தான் கடலில் போனவனின் மாவை எடுத்துக் கரையில் இருந்தவள் ஏழு வருடம் சாப்பிட்டாள். கலியாண வீடுகளுக்கு அந்த ஏழு பேரையும் யாரும் கூப்பிடவில்லை. செத்த வீடுகளுக்குச் சமைக்கக் கூப்பிட்டார்கள்; செத்தவர்களின் தேவை செத்தவர்களுக்குத்தானே தெரியும் என்று. யூலிற்றா குறை சொல்லவில்லை. தன் பெயர் காய்ந்தது அவளுக்குப் பெரிய காரியமாகப் படவில்லை. அவன் பெயர் ஈரமாக இருந்தது, அது போதும். ஒவ்வொரு ஆனியிலும் ஆற்றங்கரையால் நடந்து போய் அந்தப் பெயரில் உள்ளங்கையை வைப்பாள். கை நனையும். அந்த ஈரத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டு திரும்புவாள். குசினியில் தினமும் மணலை மீனின் தலை ஒன்றை அவனுக்கென்று மூடி வைத்தாள். விடிந்ததும் பூனை தின்றது. 1991இல் தமக்கை மன்னாரிலிருந்து வள்ளமேறி இந்தியா போகும்போது இவளையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். “அவர் வந்து நான் இல்லாட்டி ஆரைக் கேப்பார்?” என்று யூலிற்றா சொல்லிவிட்டாள். கிறகோரியின் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வைப்போமா என்று பாதர் இரண்டு தரம் கேட்டார். “சுவர் ஈரமாயிருக்கு, பாதர்” என்றாள். பாதர் சுவரைப் போய்ப் பார்த்தவர். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

1995க்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து இடம்பெயர்ந்த சனமும் வந்து சேர, கோட்டைக்குப் போகிறவர்கள் கூடினார்கள். கடைசி வேளாண்மை அழிந்த குடும்பம்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு கட்டிக்கொண்டு போய் ஆற்றில் குளித்து, பெயர் எழுதி, எழுதிய பெயர் வேர்க்கும்வரை காத்திருந்துவிட்டு வந்தது. அப்படிப் போனவர்களில் ஏரம்புவும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முத்தையன்கட்டுக் குடியேற்றத்தில் காணி எடுத்து நெல் விதைத்தவர், பெண்சாதி இல்லாதவர். மகன் பிரதாபனையும் மகள் அருந்ததியையும் ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு பிள்ளைகளின் பெயரும் சுவரில் ஏறின.

1997 வைகாசியில் அருந்ததிக்கு மலேரியா வந்தது. மருந்துக் குளிசை வாங்கப் பிரதாபன் வவுனியாவுக்குப் போனான். அவன் போன பிறகு சண்டை தொடங்கிப் பாதை அடைபட்டது. ஆனி கடைசியில் அருந்ததி செத்தாள். ஏரம்பு தகனம் முடித்துவிட்டு மகனின் பெயரைப் பார்க்கக் கோட்டைக்குப் போனார். இரண்டு பெயரும் காய்ந்து கிடந்தன. வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் ஒன்றாக அந்திரட்டிக் கிரியை செய்வதற்கு நாள் குறித்தார். சமைக்க யூலிற்றாவைக் கூப்பிட்டார்.

முப்பத்தோராம் நாள் மத்தியானம், படையல் போட்டு முடிந்த நேரத்தில், பிரதாபன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். காட்டுப்பாதையால் நடந்து வந்ததில் கால் புண்ணாகியிருந்தது. கையில் குளிசைப் பை.

“ஐயா, ஆற்ற அந்திரட்டி?”

பந்தியில் இருந்த ஒரு கிழவர் சொன்னார்: “தங்கச்சியின்ரயும் உன்ரயும், தம்பி. இருந்து சாப்பிடு, பாதி உன்ர சோறுதான்.”

பையன் குளிசைப் பையைக் கீழே வைத்தான். தங்கச்சிக்காக அழுது முடிய நெடுநேரம் ஆனது. பிறகுதான் தன் சாவைப் பற்றிக் கேட்டான். சுவர் காய்ந்ததென்று ஏரம்பு சொன்னார்.

“அது நான் எழுதினதில்லையே, ஐயா. நான் மரத்தில ஏறி நிண்டு பழம் ஆஞ்சனான். கையெல்லாம் பால். ரண்டு பேற்ற பேரையும் அவள்தான் எழுதினவள்.”

பந்தியில் சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள், தன் அந்திரட்டிச் சோற்றைத் தானே தின்னும் முதல் ஆள் நீதான் என்று ஒருவர் பிரதாபனின் முதுகில் தட்டினார். யூலிற்றா மட்டும் அகப்பையோடு நின்றாள். பருப்பு அடிப்பிடித்து மணந்தது. அவள் அதை இறக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவள் ஆற்றங்கரையால் கோட்டைக்கு நடந்தாள். மணலில் ஒரு மட்டிச் சிப்பி எடுத்து, காய்ந்துபோன தன் பெயருக்குக் கீழே தன் கையாலேயே ‘யூலிற்றா’ என்று கீறினாள். பாலைமரத்தடியில் இருந்தாள். மேலே குரங்குகள் பழக்கொட்டை துப்பிக்கொண்டிருந்தன. முதலாவது கொட்டை அவள் மடியில் விழுவதற்குள் பெயர் வேர்த்தது. மேலே கிறகோரியின் கோணல் எழுத்து காய்ந்தபடி இருந்தது. 1990 ஆனி பத்தொன்பது, காலை ஒன்பது மணி. நாளும் நேரமும் ஏழு வருடமாக ஊருக்கே தெரிந்திருந்தது, ஆள்தான் மாறியிருந்தது.

திரும்பி வந்தபோது எமிலியா அக்கா ஆற்று வாயில் றால் அரித்துக்கொண்டு நின்றாள். அந்த ஏழு பேரில் மூத்தவள்.

“எமிலியாக்கா, சுவர் பேரைப் பாக்கேல்லை. எழுதின கையைப் பாத்திருக்கு.”

எமிலியா அத்தாங்கு வலையைத் தூக்கவில்லை. “தெரியும்.”

“எப்ப தொடக்கம்?”

“மூண்டு வருசம். ஒருநாள் விளையாட்டுக்கு என்ர பேரை நானே எழுதிப் பாத்தனான். வேர்த்தது. கல்லால உரஞ்சி அழிச்சுப்போட்டு வந்திட்டன்.”

“ஏனக்கா எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால்? நீ அந்த மீன்தலையை ஆருக்கடி மூடி வைப்பாய்?”

யூலிற்றாவும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். றால் காலைத் தொட்டுத் தொட்டுப் போனது. பிறகு எமிலியா, “சரி வா, மற்றவளவைக்குச் சொல்லுவம். நான் தனியச் சுமந்தது காணும்” என்றாள். மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் கேட்டுக் குளறினார்கள். இரண்டு பேர் தங்களுக்கும் ஒருமாதிரித் தெரியும் என்றார்கள். கடைசி வீட்டுக்காரி இவர்கள் ஒழுங்கையில் வருவதைக் கண்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பாதர் ஆறு பேருக்குப் பூசை வைத்தார். ஏழாவது ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான். யூலிற்றா அன்று மீன் வாங்கவில்லை. பூனை இரண்டு நாள் அடுப்படியில் கத்திவிட்டுப் போய்விட்டது. சிவராசா விதானையார் அவள் பெயரை அட்டையில் திரும்ப எழுதி, கிறகோரியின் பெயரில் கோடு கீறினார். பங்கு பழையபடி ஒன்றுதான்.

அதற்குப் பிறகு கடற்கரைச் சனமும் தன் பெயரைத் தானே எழுதப் பழகியது. எழுத்துப் படிக்காத பிள்ளைகளின் கையில் சிப்பியைக் கொடுத்துத் தகப்பன்மார் கையைப் பிடிக்காமல் பார்த்து நின்றார்கள். வட்டமோ கோடோ, பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். 1999இல் சண்டை ஓயாமல் நடந்தபோது சுவரில் இடமில்லாமல் போய், மருதமர வேர்களில் எழுதினார்கள்; வேர்களும் வேர்த்தன. மடுவில் தண்ணீர் மட்டம் இரண்டு விரல் கூடியது. முதலை மடு மாறவில்லை.

2001 ஆனியில் யூலிற்றா வழக்கம்போலப் போனாள். கோட்டை பார்க்க வந்த ஒரு குடும்பம் உள்ளே நின்றது. கம்சா என்ற ஏழு வயதுப் பிள்ளை சுவரில் இருந்த பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்து, ‘கிறகோரி’யில் நின்று, விரலால் தொட்டுப் பார்த்தது.

“அன்ரி, இவர் உயிரோட இருக்கிறாரோ?”

“இல்லையம்மா. அவர் செத்து பதினொரு வருசம்.”

“பின்ன ஏன் ஈரமாயிருக்கு?”

“அது நான்.”

பிள்ளை அவளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தது, சரி என்று தலையாட்டியது. நனைந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பழம் பொறுக்க ஓடியது.