பதின்மூன்றாம் சொல்

நிருஷா இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் உறவுப் பெண்களுக்குக் கொடுத்த அவளுடைய பன்னிரண்டு சேலைகளும், உடுத்தியவர்களின் வாயால், நாளுக்கு ஒரு தடவை, அவளுடைய குரலில் ஆளுக்கோர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லின. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ முருகன் கோயிலில் தீபாராதனை நேரம் மனோகரி மாமி ஆங்கிலத்தில் வெங்காயம் என்றார். ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற கௌசி ஏணி என்றாள். "பிள்ளைக்கு ஏதோ ஆசை போல" என்று மாமி வெங்காய வடை சுட்டுப் படைத்தார்.

நிருஷாவின் கணவன் சாரங்கனுக்கு மட்டும் விஷயம் விளங்கியது. வீடு வாங்கச் சேர்த்த காசு முழுவதையும் அவள் பிட்காயினாக மாற்றித் தன் கைபேசியில் ஒரு பணப்பைச் செயலிக்குள் வைத்திருந்தாள். அவள் போனபின் சாரங்கன் மூன்று முறை பிழையான கடவு இலக்கம் போட, செயலி தன்னைத்தானே அழித்துக்கொண்டது. அதுதான் பாதுகாப்பாம். மீட்பதற்குப் பன்னிரண்டு சொற்கள் வேண்டும். படம் எடுக்காதே, கணினியில் வைக்காதே, கடதாசியை நம்பாதே என்று செயலி சொன்ன அத்தனையையும் நிருஷா கேட்டு நடந்திருந்தாள். வங்கியில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்த்தவள். "இஞ்ச வாங்கோ, ஒருக்காக் காட்டிவிடுறன்" என்று அவள் கூப்பிட்ட ஒரு நாளும் சாரங்கன் எழுந்து போனதில்லை.

பன்னிரண்டு வீடுகளுக்கும் போய்ச் சேலைகளின் உள்மடிப்பைப் புரட்டினான். ஒவ்வொன்றிலும் ஒரு சொல், ஓர் இலக்கம், சிவப்பு நூலில். வரிசையாகத் தட்டினான். செயலி பதின்மூன்றாவது சொல்லைக் கேட்டது.

"அத்தான், அது அக்கா தானாத் தெரிஞ்செடுத்து வைச்ச சொல்லு" என்றான் நிருஷாவின் தம்பி சஞ்சீவன். "பிழையாப் போட்டாலும் பிழை எண்டு சொல்லாது. வேற ஒரு வெறும் பையைத் திறந்து காட்டும்."

"பிழையைப் பிழை எண்டு சொல்லாட்டி அதென்ன கோதாரிச் சாமான்?"

"கள்ளனுக்கு விளங்கக் கூடாதெல்லோ."

"இஞ்ச ஆரடா கள்ளன்? நானோ?"

கலியாணத் திகதி போட்டான். நல்வரவு, இருப்பு பூச்சியம். அவள் பிறந்த ஊர். நல்வரவு, இருப்பு பூச்சியம். மே மாதத்துக்குள் அறுநூற்று நாற்பது வெறும் பைகளுக்குச் சொந்தக்காரனானான். செயலியின் உதவிப் பிரிவு ஒன்பது நாள் கழித்து, பாதுகாப்புக் கருதித் தங்களால் எதையும் பார்க்க முடியாது என்று எழுதி, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. லொங்குய்யில் வாங்கப் பேசிவைத்த வீட்டின் சொந்தக்காரர், நகரமே வீடு மாறும் யூலை முதலாம் திகதி வரைதான் பொறுப்பேன் என்றார்.

"கூறையிலயும் ஏதோ தைச்சவள்" என்று மனோகரி மாமி நினைவுபடுத்தினார். சுமங்கலியாகப் போனவளைக் கலியாணக் கூறைச்சேலை உடுத்தித்தான் தகனம் செய்திருந்தார்கள். சாம்பலை சென் லோறன்ஸ் ஆற்றில் கரைத்தவன் சாரங்கன்.

அந்த ஆற்றின் அடியால்தான் மஞ்சள் பாதை மெட்ரோ போகிறது. லொங்குய்யில் இருந்த அலுவலகத்துக்கு அவன் தினமும் அதில்தான் போனான், காதுக்குள் உதவிப் பிரிவின் காத்திருப்பு இசையோடு. யூன் மாதம் ஒரு காலை காதுக்கருவியின் மின் தீர்ந்தது. ரயில் ஆற்றின் நடுவுக்கு வந்ததும் நிருஷாவின் குரல், பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி, "பேந்து" என்றது.

ஒருவரும் தலை நிமிரவில்லை. அவன் முகத்தைப் பார்த்த எதிர் இருக்கைக் கிழவி, "குளிர்காலத்திலிருந்து தினமும்தான்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்ந்தாள்.

அவள் கூப்பிட்டபோதெல்லாம், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட அவன் சொன்ன பதில் அது. அவன் மறக்கவே மாட்டான் என்று அவள் நம்பி வைத்த சொல். தட்டினான். நல்வரவு என்றது செயலி. இந்த முறை பை வெறுமையாக இல்லை.

யூலை முதலாம் திகதி வீடு மாறினான். மனோகரி மாமி வடையை நிறுத்தவில்லை. புது வீட்டிலிருந்து அலுவலகம் பத்து நிமிட நடை. சாரங்கன் மெட்ரோவின் மாத அட்டையை இன்னமும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறான்.