கடைசிப் பங்கு விஜயராகவனிடம்

முத்தியால்பேட்டை பலராமன் ஒரு துப்பறியும் நாவலில் கொலை நடக்கும் பக்கத்தைத் தாண்டினால், செத்த ஆள் அன்று சாயங்காலமே அவர் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுவார். கத்திக்குத்து வாங்கிய மில் முதலாளி வந்திருக்கிறார், விஷம் வைக்கப்பட்ட பேங்க் மேனேஜர் வந்திருக்கிறார், ஒரு கோடை முழுக்கத் தலையில்லாத ஒருத்தர் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். பலராமன் மனைவி வினோதா எல்லாருக்கும் டீ வைப்பாள். ஒருவரும் குடித்ததில்லை. கொலைகாரன் யாரென்று பலராமன் படித்து முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள்; வேறு யாராவது முடிவை அவர் காதில் போட்டாலும் கிளம்பிவிடுவார்கள். "இந்த வாரம் யாருங்க?" என்று பக்கத்து வீட்டார் விசாரிப்பார்கள். செத்தவராக இருந்தால் என்ன, வீட்டுக்கு வந்தவர் விருந்தாளிதானே.

பலராமனுக்கு சேதராப்பட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் வேலை. சாப்பாட்டு வேளையில் செல்போனில் கொலைத் தொடர், ஞாயிற்றுக்கிழமை சண்டே மார்க்கெட்டில் பழைய நாவல் பொறுக்குவது, போக வர கம்பெனி பஸ்ஸில் வாசிப்பு. அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம். ஒரே நாவலின் ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கி, மூன்று பங்காகப் பிரித்து, முடிக்க முடிக்கப் பின் சீட்டுக்குத் தள்ளுவார்கள். கடைசிப் பங்கை வைத்திருப்பவர் முறை வரும்வரை அதை மடியில் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். கடைசிப் பங்குக்காரர், பின் சீட்டு விஜயராகவன் கவிழ்த்து வைக்கிற ஆளா? முடிவைத்தான் முதலில் படிப்பார். படித்ததைச் சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும்.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை. நாவலில் சிந்துஜா என்ற பெண் பூட்டிக் கிடந்த குடோன் கதவில் சாவியை நுழைக்கிறாள், உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள். அந்த இடத்தில் பஸ் கம்பெனி கேட்டுக்குள் திரும்பியது, பலராமன் மூடி வைத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் ஹாலில் சிந்துஜா உட்கார்ந்திருக்கிறாள். பலராமன் வழக்கம்போல் காயத்தைத் தேடினார். எங்கும் இல்லை. வினோதா வைத்த டீயை அந்தப் பெண் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "அக்கா, இன்னும் கொஞ்சம் கெடைக்குமா?" என்றாள்.

வினோதா கணவனைச் சமையலறைக்குள் இழுத்தாள். "இன்னாங்க இது, டீயக் குடிச்சிட்டா! இவ இன்னும் சாகல. அந்த விஜயராகவன் முன்னாடியே முடிவப் படிச்சித் தொலைச்சிட்டாரு, அதான் முன்னாடியே வந்துட்டா. நீங்க அடுத்த பக்கம் படிச்சாதான் சாவா. பொஸ்தகத்தத் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

பலராமன் தொடவில்லை. ஆனால் உள்ளே மூச்சு விட்டது யார்? குடியை நிறுத்தியவன்கூட பாட்டிலுக்கு அப்படி ஏங்கியிருக்க மாட்டான், பாவம். அதைவிடப் பெரிய ஆபத்து பின் சீட்டில் இருந்தது. உலை வாயை மூடலாம், விஜயராகவன் வாயை மூட முடியுமா? பலராமன் பஸ்ஸை விட்டுவிட்டு பைக்கில் போனார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு மிஷின் ஓட்டினார். கேண்டீனில் விஜயராகவன் தலை தெரிந்தால் தட்டோடு எழுந்து ஓடினார். இதற்குள் சிந்துஜா பக்கத்துத் தெருவில் தையல் கடை வேலைக்குப் போனாள், வினோதாவோடு குழம்பில் உப்புக்குச் சண்டை போட்டாள், ஒரு வருஷம் போயே போய்விட்டது. பிள்ளையில்லாத வீடு அது. பலராமனுக்கு அவள் மேல் உயிர், அதனாலேயே தூக்கம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பலராமன் இரண்டு கையிலும் மீன் பையோடு வீட்டுக்குள் நுழையும்போது, பின்னாலேயே வந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார் விஜயராகவன். கடைசிப் பங்கு அவர் கையில் இருந்தது.

"யோவ் பலராமா, என்னப் பார்த்தா இன்னாத்துக்குய்யா ஓடுற? ஒரு வருஷமா வயித்துல வச்சிக்கினு தவிக்கிறேன். கேளு, அந்த சிந்துஜாப் பொண்ண—"

பலராமன் பைகளைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினார். வினோதா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அதற்கும் முன்னால், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சிந்துஜா ஹாலுக்கு வந்தாள்.

"அப்பா, யாரு வந்திருக்கறது?"

அவள் அவரை அப்பா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பொத்திய காதிலும் அது விழுந்தது.

விஜயராகவன் அவளைப் பார்த்தார். மூக்கோரத்து மச்சம், இடது கன்னத்துக் குழி, எல்லாம் அவர் படித்தபடியே இருந்தன. அவளுக்கு என்ன ஆகும் என்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். வாய் திறந்தது திறந்தபடி நின்றது, வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அதை விழுங்கினார். அது தொண்டையில் இறங்கி, நெல்லிக்காய் அளவில் நடுவிலேயே நின்றுகொண்டதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார், கண்ணில் தண்ணீர் முட்ட. "உங்கப்பாவப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நெல்லிக்காய் இன்னமும் அங்கேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், இதை எடுத்தால் சொல்லிவிடுவீர்கள், இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். பலராமன் மறுபடி பஸ்ஸில் போகிறார், வேறு நாவல்கள் படிக்கிறார், செத்தவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். குடோனில் மூச்சு விட்டது யாரென்று அவர் கேட்கவேயில்லை. போன தை மாதம் சிந்துஜாவை அரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். பந்தியில் முதல் இலையை பலராமன் விஜயராகவனுக்குத்தான் போட்டார்.