பின் சீட்டுக்கு ஆள் தேவை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. மாத்திரை வடிவத்தில் ஒரு குட்டிக் கார் பக்கத்தில் வந்து நின்றது. முன்னால் ஓர் இருக்கை, அதற்கு நேர் பின்னால் இன்னோர் இருக்கை, அவ்வளவுதான் கார். சுற்றி இருந்தவர்கள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். உள்ளே இருந்த மனிதரை யாரும் பார்க்கவில்லை. பச்சை விழுந்த பிறகுதான் எனக்கும் அவர் நினைப்பு வந்தது. அதற்குள் போய்விட்டார். அன்று முழுக்க மனசு என்னவோ போல இருந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "எரிபொருளை மிச்சப்படுத்துவதே வருங்காலத்தின்..." விளம்பரத் துண்டு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "அவருக்கு யாருமே இல்லை." இது பொய். மனைவி இருக்கிறாள், ஊரின் மறுகோடியில், தன் அக்கா வீட்டில், ஒரு வருடமாக. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் பெட்டியைக் கட்டினாள். அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய் டாக்ஸியில் வைத்துவிட்டு வந்தார்.

(ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். மனிதர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.)

3

அவர் கார் ஷோரூமில் விற்பனையாளர். அந்த மாத்திரைக் காரை விற்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. மற்ற கார்கள் குடிக்கும் பெட்ரோலில் பாதிகூடக் குடிக்காது. இருந்தும் வருகிறவர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள், சிரிப்பார்கள், பெரிய கார் பக்கம் நகர்ந்துவிடுவார்கள்.

"மைலேஜ் எல்லாம் சரி சார், மாமியார டிக்கியிலயா போடுறது?" என்றார் ஒருவர்.

"தண்ணி ஊத்தி முழுங்கணுமா?" என்றார் இன்னொருவர். நம்மவரும் கூடச் சிரித்தார். விற்க வந்தவர் வேறென்ன செய்ய?

மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். "சாயங்காலம் கடைத்தெருவுல ஒரு சுத்து ஓட்டுங்க சார். தனியா மட்டும் போகாதீங்க. பார்க்குறவங்க ஆளில்லாதவன் வண்டின்னு முத்திரை குத்திடுவாங்க. பின் சீட்டுல எப்பவும் யாராவது இருக்கணும். இந்த மாசம் ஒண்ணாவது போகலேன்னா கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடுவேன்."

முதலில் கணக்கர் ஏறினார், பிறகு வாட்ச்மேன். அப்புறம் ஆளாளுக்கு ஒரு சாக்கு. அவர் போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தார். கூப்பிட்டால் வருவார் என்று ஒருவர்கூட இல்லை. ஐம்பது வயதில் இது தெரியவருவது கொடுமை. இதை இதைவிட நன்றாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் மனைவியைக் கூப்பிட்டார். "வேலை விஷயம்தான். கொஞ்ச நேரம் பின்னால உக்காந்தா போதும்."

மறுமுனையில் நீண்ட மௌனம் நில... [இல்லை. மௌனமெல்லாம் எதுவும் இல்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டேன்.]

"சனிக்கிழமைன்னா வரேன்," என்றாள் உடனே.

4

அந்தக் காரில் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் இருப்பவர் தெரியாது. உள்ளே கண்ணாடி கிடையாது. அவருக்குச் சாலை, அவளுக்கு அவருடைய பின்னந்தலை.

"முடி ரொம்பக் கொட்டிடுச்சே."

"வயசாகுதுல்ல."

"முட்டி வலிய டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"ம்."

"பொய்."

அவர் சிரித்துவிட்டார். வீட்டில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வராத பேச்சு, முகம் பார்க்காததால் தானாக வந்தது. அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: நான் தனியாக இருக்கிறவன். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்ப்பது வழக்கம். மேலே உள்ள பேச்சில் இரண்டு குரலையும் நானேதான் பேச வேண்டியிருந்தது.)

5

மூன்றாம் சனிக்கிழமை ஒரு தம்பதி தங்கள் காரைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்கள். "இதுல எப்படிங்க குடும்பமா போறது?"

அவர் பாடம் பண்ணி வைத்திருந்ததைத் தொடங்குவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாங்க ரெண்டு பேருதாங்க. எங்களுக்கு இது போதும். நான் பேசுறது அவருக்குக் கேக்குது, அவர் பேசுறது எனக்குக் கேக்குது. வேற என்ன வேணும்?"

தம்பதி ஷோரூம் வரைக்கும் பின்னாலேயே வந்து மாத்திரையை வாங்கிவிட்டார்கள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "மேடம் பிரமாதம்! சார், இனிமே நீங்க ஆள் தேடி அலைய வேண்டாம்."

ஆக, அவளைக் கூப்பிட அவரிடம் இருந்த ஒரே சாக்கும் காரோடு சேர்ந்து விற்றுப்போனது. அவள் சொன்னது வியாபாரத்துக்கா, நிஜமாகவா? முன்னால் இருந்தவருக்கு எப்படித் தெரியும்? கேட்கவும் பயம். வியாபாரத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டால்?

6

ஒரு முடிவு எழுதினேன்: அவள் திரும்பி வந்துவிடுகிறாள். பாயசத்தில் சர்க்கரை கூடிப்போன மாதிரி இருந்தது. இன்னொன்று: அவள் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். அது நன்றாகவே வந்தது. எழுதும்போது என் சோகத்தை நானே ரசித்துக்கொண்டிருந்தேன் என்பதால் அதையும் கிழித்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். மாத்திரையை மறுநாள்தான் ஒப்படைக்க வேண்டும், அன்றும் அவளை அதிலேயே கொண்டுபோய் விட்டார். அக்கா வீட்டு வாசலில் இறங்கியவள், சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். ஜன்னலில் குனிந்தாள்.

"அப்ப அடுத்த சனிக்கிழமை நான் வர வேண்டாமா?"

இப்போது முகம் தெரிகிறது. அதில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். எழுதிவிட்டால் அவர் பாடு சுலபமாகிவிடும், அதனால் எழுத மாட்டேன். போன முறை பெட்டியைத் தூக்கிக் கொடுத்த மனிதர் இந்த முறை தானாக வாயைத் திறக்க வேண்டும். அவருக்கு வரவில்லை என்றால் நீங்களாவது சொல்லுங்கள். அவள் இன்னும் குனிந்தபடிதான் நிற்கிறாள்.