வலது வளையம்

காட்டுக்குள் வில்லோடு போகிறவனுக்கு எது நல்லது என்று யோஹான் கேட்டபோது, ஞானசிங் பன்னிரண்டு மடங்கு பைனாகுலரைத் திரும்பவும் ஷோகேசுக்குள் வைத்துப் பூட்டினான். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் தொடுவார்கள். தூரத்தில் இருப்பதைப் பெரிதாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. யோஹான் தென்னாப்பிரிக்காக்காரர், எண்ணெய் கம்பெனியில் இன்ஜினியர். செப்டம்பர் லீவில் ஊருக்குப் போய், அனுமதி வாங்கி, வில்லால் மான் வேட்டையாடப் போகிறார். காட்டில் தூரம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் இலைதான் என்று ஞானசிங் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். எட்டு மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். முன்பக்கக் கண்ணாடி அகலமாக இருந்தால் விடியற்காலை மங்கலிலும் மான் தனியாகத் தெரியும், இல்லாவிட்டால் நிழலோடு நிழலாகப் போய்விடும். இன்னொரு கையில் வில் இருக்கும், அதனால் ஒரே விரலில் சத்தமில்லாமல் திரும்புகிற ஃபோகஸ் சக்கரம் வேண்டும்.

இத்தனைக்கும் ஞானசிங் ஒரு காட்டையும் பார்த்ததில்லை. திசையன்விளையில் தேரிமணல், இங்கே ஓமானின் சலாலாவில் இந்தக் கடை. பதினொரு வருஷமாகப் பிறர் பார்க்கப் போகிறவற்றை அவன் கேட்லாக்கில் படித்துப் படித்து, மனதுக்குள் மரங்களை நட்டு வைத்திருந்தான். முதல் இலையைத் தெளிவாக்கு, பிறகு அதைத் தாண்டு, அடுத்த இலை, அதையும் தாண்டு, அப்போது ஒரு காது தெரியும். அவன் இதைச் சொல்லும்போது யோஹான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை மாதம். மூன்று வாரமாக வெயில் இல்லை. மழை என்று சொல்ல முடியாத தூறல், மலையிலிருந்து இறங்கி வந்து கடைவாசலில் நிற்கும் பனி. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது என்று இருவரும் பின்வாசலுக்குப் போனார்கள். அங்கே வாழைத்தோட்டம். ஞானசிங் முதலில் பார்த்தான். மூன்றாவது வரிசையில் குலை தள்ளிய வாழை, அதன் தண்டில் கட்டிய நீலக் கயிறு. சொல்லிவிட்டு, அப்படியே யோஹானிடம் கொடுத்தான்.

அவன் செய்த தவறு அதுதான். வலது கண்ணாடியின் அடியில் ஒரு சின்ன வளையம் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் பார்வை ஒன்றாக இல்லாதவர்கள் அதைத் திருப்பிச் சரிசெய்துகொள்வார்கள். அடுத்த ஆளிடம் கொடுக்கும் முன் அதைப் பூஜ்யத்தில் கொண்டுவந்து வைப்பது கடைக்காரன் வழக்கம். ஞானசிங்குக்கு அதில் இன்னொரு வழக்கமும் இருந்தது, தன் வலது கண் எவ்வளவு மங்கியிருக்கிறது என்று அளந்து பார்ப்பது. பொங்கல் சமயத்தில் இரண்டு புள்ளி தள்ளினால் போதுமாக இருந்தது. ஈஸ்டருக்கு நான்கு. சர்க்கரை இருக்கிற உடம்பு, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டில் எழுதுவார்கள், சீட்டு விசா ஃபைலில் ஏறும். வளையத்தில் இன்னும் இடம் இருக்கிறவரை கண்ணிலும் இடம் இருக்கிறது என்று நம்பியிருந்தான். இன்று அது கடைசிப் புள்ளியைத் தாண்டி, இதற்கு மேல் திரும்பாது என்று முட்டி நின்றது. அப்போதும் வலதுபக்கத்தில் வாழை, தண்ணீரில் கரைத்த பச்சையாகத்தான் இருந்தது.

யோஹான் கண்ணிலிருந்து எடுத்து வளையத்தைப் பார்த்தார். பிறகு ஞானசிங்கைப் பார்த்தார். அந்த எட்டு மடங்கையே வாங்கிக்கொண்டார். மேனேஜர் கலீல் ரஹ்மானிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டு, வாசலில் திரும்பி ஒருமுறை கையசைத்தார். நல்ல மனிதர்.

"என்ன சொல்லிட்டுப் போறான் தெரியுமாவே?" என்றார் கலீல் ரஹ்மான். மேலப்பாளையத்துக்காரர். கோபம் வந்தாலும் அன்பு வந்தாலும் அதே குரல்தான்.

"வாங்கிட்டுத்தான பாய் போனாரு."

"வாங்குனான். ஒம்ம ஆளு கண்ண டாக்டர்ட்ட காட்டு, நாளைக்கே காட்டுங்கான். அவன் அம்மைக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுதாம்."

"இந்தப் பனியில யாருக்குத்தான் பாய் தெரியும்?"

"கத விடாதயும். எடது கண்ணப் பொத்தும்."

"சின்னப்புள்ள வெளயாட்டா பாய்?"

"பொத்தும்வே."

ஞானசிங் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றான்.

"எதுத்த கடை போர்டு?"

"அல் நூர் டெய்லரிங். கீழ ஃபோன் நம்பர். சொல்லட்டா?"

"வாசல்ல யாரு?"

அஸர் தொழுகைக்குப் பிந்திய இந்த நேரத்தில் தையல்கடை மஹ்மூது வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான். ஒருநாளும் தவறியதில்லை.

"மஹ்மூது. பொத்தான் தச்சிட்டு இருக்கான்."

யாரோ குடையை உதறுகிற சத்தம் மிக அருகில் கேட்டது.

"அண்ணே," என்றது அதிராம்பட்டினத்துக் குரல். "நான் இங்கதான நிக்கிறேன்."

ஞானசிங் கையை எடுத்தான். கடைக்குள், கலீல் ரஹ்மானின் தோளுக்குப் பின்னால், மஹ்மூது டீ ஃப்ளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தான். சிரிக்க ஆரம்பித்து, இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"வியாழக்கெழம மொதலாளி அர்பாப் வாராரு, விசா பேப்பர்ல கையெழுத்துப் போட," என்றார் கலீல் ரஹ்மான். "ஆளு எப்படின்னு என்னத்தான் கேப்பாரு. நான் என்னத்தவே சொல்ல?"

"ரெண்டு வருசம் பாய். எம் மவ ரினி நர்சிங் முடிச்சிருவா. பெறவு நானே போயிருதேன்."

"ரெண்டு வருசத்துக்குக் கண்ணு இருக்கணும்லா."

"ஒண்ணு இருக்கு பாய்."

உள்ளே ஃபோன் அடித்தது. கலீல் ரஹ்மான் எழுந்து போனார். அரபியில் அவர் பேசுவது கேட்டது. யாரோடு என்று தெரியவில்லை. மஹ்மூது மூன்று கிளாசிலும் டீ ஊற்றிவிட்டு, எதையும் எடுத்துக் கொடுக்காமல் நின்றான்.

ஞானசிங் வாசலுக்கு வந்து, யாரும் சொல்லாமலே இடது கண்ணைப் பொத்தினான். தெரு முழுக்க வெள்ளை. அந்த வெள்ளைக்குள் உயரமாக ஏதோ அசைந்தது. மலைப்பக்கத்திலிருந்து இறங்கிவந்த ஒட்டகமாக இருக்கலாம், குடையோடு வருகிற ஆளாகவும் இருக்கலாம். அது கொஞ்சம் நின்றது, பிறகு கடையை நோக்கித் திரும்பியது போலிருந்தது. அவன் கையை எடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது இன்னும் பக்கத்தில் வரட்டும் என்று நின்றான்.